இரட்டையரா, இரட்டையர்களா, ரெட்டைப்பிள்ளைகளா?

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு ஒரே பேற்றில் ஆண் ஒன்று, பெண் ஒன்று. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் அன்றைக்கே பெயர் சூட்டும் வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழுக்கு ‘இரட்டையர்களின் பெயர் சூட்டு விழா’ என்று இவர் எழுதிக் கொடுக்க, அச்சகத்திலிருந்து ‘இரட்டயர்களின்’ என்று வந்திருக்கிறது. சித்தப்பா, “அர் போட்ட பிறகு கள் எதுக்குடே?” என்கிறாராம். அம்மா, “ரெட்டப்புள்ளன்னு போட்டா ஆருக்குப் புரியாது?” என்கிறாராம். எது சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, மூன்று பிறந்திருந்தால் என்ன சொல்வது, யார் பெயரை முதலில் போடுவது என்று நாலு கேள்வி.

நாகர்கோவிலில் அச்சகங்களுக்குப் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன் நான். அதனால் அழைப்பிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அச்சுக்குப் போக நாள் இருக்காது. ‘இரட்டையர்’ சரி. ‘இரட்டையர்கள்’ தவறில்லை. ‘இரட்டயர்’ தவறு. ‘இரட்டைக் குழந்தைகள்’, ‘இரட்டைப் பிள்ளைகள்’ என்றால் நடுவில் க், ப் கட்டாயம் வரவேண்டும். ஒன்றை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் போடாதீர்கள்: ‘இரட்டைப் பெயர் சூட்டு விழா’.

இதை நான் பட்டுச் சொல்கிறேன். ஒருமுறை மார்த்தாண்டம் பக்கத்து வீடு ஒன்றுக்கு இரண்டு பேத்திகளுக்குப் பெயரிடும் கார்டு வந்தது. தலைப்பு நீளமாக இருக்கிறது, ஒரு வரிக்குள் அடங்கவில்லை என்று அச்செழுத்துக் கோப்பவர் ‘குழந்தைகள்’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டார். ‘இரட்டைப் பெயர் சூட்டு விழா’ என்று ப் எல்லாம் ஒழுங்காக நின்றது. ஒற்று இருக்கிறதே என்ற திருப்தியில் நானும் டிக் போட்டேன். முந்நூறு கார்டு அடித்துப் போயாயிற்று. மறுநாள் காலையில் வீட்டுப் பெரியவர் கார்டோடு வந்து நின்றார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். “ஏ சாறே, எங்க பேத்திகளுக்கு இரட்டப்பேரு வைக்கத்துக்கு ஊர்ல ஆளு இருக்கு, அதுக்கு விழா எடுக்கணுமா?” என்றார். விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் இரட்டைப்பெயர் என்றால் பட்டப்பெயர். வட்டப்பெயர் என்றும் சொல்வோம். மலையாளத்திலும் அதே சொல், அதே பொருள். முந்நூறு கார்டையும் என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

இப்போது எழுத்து. இரட்டை என்ற சொல்லோடு ‘அர்’ சேர்கிறது. ஐ-யில் முடிகிற சொல்லோடு உயிர் வந்து சேர்ந்தால் நடுவில் ய் வரும் என்பது பள்ளியில் படித்த உடம்படுமெய். இரட்டை + ய் + அர் = இரட்டையர். டை அப்படியே நிற்கும். ஆனால் சொல்லின் நடுவே வருகிற ஐ காதில் முழுதாக விழாது, அ போலக் குறுகும். ஐகாரக் குறுக்கம் என்று அதற்குப் பெயரே உண்டு. காதில் விழுந்ததை அப்படியே கோத்ததால் வந்தது ‘இரட்டயர்’. இடையர், கடையர் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

வேறொரு பிழையும் அடிக்கடி கைக்கு வரும்: ‘இறட்டை’. இதற்குக் காரணம் பக்கத்து வீட்டுச் சொல்லான ‘ஒற்றை’ என்பது என் எண்ணம். ஒற்றையில் வல்லின ற இருக்கிறது, அந்த நினைப்பு இரட்டைக்கும் தாவிவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் போய்விடும். ஒன்று என்பதில் ன்று இருக்கிறது, அது ற்ற ஆகி ஒற்றை. இரண்டு என்பதில் ண்டு இருக்கிறது, அது ட்ட ஆகி இரட்டை. மெல்லினத்துக்குப் பின்னால் நிற்கிற வல்லினம், மெல்லினத்தைத் தள்ளிவிட்டுத் தானே இரட்டிப்பது தமிழுக்குப் பழக்கம். இரும்பு, இருப்புப்பாதை. மருந்து, மருத்துவம். குரங்கு, குரக்குக்குட்டி. கன்றோடு நிற்கிற பசுவைப் பழைய பாட்டில் கற்றா என்றார்கள். அதே அச்சில் வார்த்தவைதான் ஒற்றையும் இரட்டையும். எந்த எழுத்து என்று சந்தேகம் வந்தால் எண்ணைச் சொல்லிப் பாருங்கள், எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

அம்மா சொன்ன ‘ரெட்ட’ கொச்சையா என்றால், பேச்சு வழக்குத்தான். ஆனால் கண்டபடி சிதைந்த சொல் அல்ல. சொல்லின் முதலில் இ நின்று அடுத்த எழுத்தில் அ அல்லது ஐ வந்தால், வாய் அந்த இ-யை எ ஆக்கிவிடும். இலை எலை ஆவதும் இடம் எடம் ஆவதும் இதனால்தான். உ-வுக்கும் அப்படியே: உடம்பு ஒடம்பு, உலகம் ஒலகம். இரண்டு எரண்டு ஆகி, முன் எழுத்து தேய்ந்து ரெண்டு ஆயிற்று. இரட்டை அதே வழியில் ரெட்டை ஆயிற்று. அடுத்த எழுத்தில் உ வருகிற இருட்டை யாரும் ‘எருட்டு’ என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? படிக்காத வாய்க்கும் இலக்கணம் உண்டு. அழைப்பிதழில் ‘இரட்டைப் பிள்ளைகள்’ என்று போட்டு, வீட்டில் ரெட்டப்புள்ள என்று கூப்பிடுங்கள். இரண்டும் ஒரே சொல்தான். தமிழ் பைபிளில் ரெபெக்காளின் வயிற்றிலிருந்த ஏசா, யாக்கோபுக்கும் ‘இரட்டைப் பிள்ளைகள்’தான்.

சித்தப்பாவின் ‘கள்’ வழக்குக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அர் என்பதே பலரைக் குறிக்கும் விகுதி. கள் ஆதியில் மரம், மாடு முதலான அஃறிணைக்கு உரியது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் போடுவது நேற்றைய பத்திரிகைப் பழக்கம் இல்லை. நம் முக்கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறாரே, அவரே ‘பூரியர்கள் ஆழும் அளறு’ என்றும் ‘மற்றை யவர்கள் தவம்’ என்றும் பாடியிருக்கிறார். அவருக்கு ஆகும் என்றால் தக்கலையில் ஒரு கார்டுக்கு ஆகாதா? நான் பின்பற்றுகிற வழக்கம் ஒன்று உண்டு, சட்டம் இல்லை: ஒரு சோடியென்றால் இரட்டையர், பல சோடிகள் கூடியிருந்தால் இரட்டையர்கள். உங்கள் அக்கா பிள்ளைகள் ஒரு சோடி, ஆகவே ‘இரட்டையர்’ போதும். சித்தப்பாவும் சமாதானமாவார்.

இனி பொருளும் பிறப்பும். இரு, இரண்டு என்ற எண்ணிலிருந்து இரட்டு என்று ஒரு வினை. இரண்டாக்கு, மடங்காக்கு என்று பொருள். ஒரு பாட்டு இரண்டு பொருள் தந்தால் இரட்டுற மொழிதல். இழை இரட்டித்து நெய்த முரட்டுத் துணி இரட்டு. தவக்காலத்தில் ‘இரட்டுடுத்தி’ என்று வாசிக்கக் கேட்டிருப்பீர்களே, அதுதான். சின்ன வயதில் கொல்லாங்கொட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒத்தையா ரெட்டையா’ விளையாடினோம். இந்தக் குடும்பத்தில் பிள்ளைப்பேறு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரட்டை என்பது சோடியைச் சொல்கிற சொல், பிறப்பைச் சொல்கிற சொல் அல்ல. நவதிருப்பதிகளில் ஒன்றான தொலைவில்லிமங்கலத்தில் இரண்டு கோயில். அதனால் அது இரட்டைத் திருப்பதி. இளஞ்சூரியர், முதுசூரியர் என்று இரண்டு புலவர்கள்; ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார்கள். இரட்டைப்புலவர் என்றே பெயர். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை, அத்தை மகன் மாமன் மகன் உறவு. 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் பிறந்த ஆற்காடு ராமசாமி முதலியாரும் லட்சுமணசாமி முதலியாரும் மெய்யாகவே இரட்டையர். இவர்களில் லட்சுமணசாமி பிற்பாடு மகப்பேறு மருத்துவராகப் பேர் வாங்கினார், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டு துணைவேந்தராகவும் இருந்தார். தமிழ் இந்த இரண்டு சோடிகளையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுகிறது. ‘இரட்டைப் பிறவி’ என்று சேர்த்துச் சொன்னால்தான் பிறப்பு உள்ளே வரும்.

பிறப்பைச் சொல்லியிருக்க வேண்டிய சொல் வேறு ஒன்று, அது கைநழுவிப் போய்விட்டது. உடன்பிறந்தவர், கூடப்பிறந்தவர்: எழுத்தை எழுத்தாகப் படித்தால் கூடவே, சேர்ந்து பிறந்தவர் என்றுதானே பொருள்? இரட்டையருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ஆனால் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவனையும் கூடப்பிறந்தவன் என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லை எல்லா அண்ணன் தம்பிக்கும் பங்கு வைத்துவிட்டோம். மெய்யாகவே கூடப் பிறந்தவருக்கு மிச்சமில்லை. அதனால்தான் எண்ணிலிருந்து ஒரு சொல்லை எடுக்க வேண்டிவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அதற்கும் முன்னால் தமிழில் வேறொரு சொல் இருந்தது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குறுந்தொகை 324-ஆம் பாட்டு. நெய்தல் திணை, கடற்கரை. தலைவன் இரவில் முதலை கிடக்கிற கழியை நீந்திக் கடந்து வருகிறான். அவன் வராவிட்டால் தலைவி வாடுகிறாள். வந்தால் அவனுக்கு உயிராபத்து. தோழி நடுவில் நின்று சொல்கிறாள்: ‘கவைமக நஞ்சுண் டாஅங்கு அஞ்சுவல் பெரும’. இரட்டைப் பிள்ளை பெற்ற தாய். இரண்டும் நஞ்சு தின்றுவிட்டன. எதைத் தூக்குவாள், எதை விடுவாள்? அந்தத் தாயைப்போல நான் உங்கள் இரண்டு பேருக்காகவும் அஞ்சுகிறேன் என்கிறாள். இந்த ஒரு உவமைக்காகவே அந்தப் புலவரின் சொந்தப் பெயர் மறைந்து, கவைமகன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. (உங்கள் அக்காவுக்கு இந்தப் பாட்டை இப்போது சொல்லவேண்டாம். பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும்.)

கவை என்றால் என்ன என்று நம் மாவட்டத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏத்தன் வாழை குலை தள்ளியதும் காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுக்கிறோமே, அந்தக் கம்பின் நுனி எப்படி இருக்கிறது? ஒரு தடி, மேலே போய் இரண்டாகப் பிரிகிறது. அதுதான் கவை. பையன்கள் காக்கையடிக்கக் கொய்யாக்கொம்பில் வெட்டுகிற கவட்டையும் அதன் பிள்ளைதான். ‘கவைக்கு உதவாத பேச்சு’ என்கிறோமே, கவைக்கோலாகக்கூட ஆகாத கம்பு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். தெலுங்கில் இரட்டையரைக் கவல என்கிறார்கள். கவையோடு சேர்த்துப் பார்க்கவே தோன்றுகிறது. இரட்டை எண்ணிப் பார்த்துச் சொன்ன சொல்; கவை அடிமரத்தைப் பார்த்துச் சொன்ன சொல். ஒரு தண்டு, இரண்டு கிளை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவாகிற அச்சு அசல் இரட்டையருக்கு இதைவிட நல்ல படம் எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடைக்காது. உங்கள் அக்கா பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் பெரும்பாலும் இரண்டு கருமுட்டை, இரண்டு கரு. அவர்கள் ஒரே நேரத்தில் வயிற்றிலிருந்த அக்கா தம்பி அல்லது அண்ணன் தங்கை, அவ்வளவுதான். முகம் ஒன்றுபோல இருக்கவில்லையே என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இலக்கணக்காரர்களும் இரட்டைப்பிள்ளைகளைக் கவனித்திருக்கிறார்கள். சலசல, கலகல முதலியவற்றைத் தொல்காப்பியம் இரட்டைக்கிளவி என்கிறது: ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’. அந்தத் தொல்காப்பியத்தைக் கேட்டுச் சரிபார்த்த அதங்கோட்டாசான் எங்கள் விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், அதை விட்டுக்கொடுக்கமாட்டோம். பின்னால் வந்த உரைகாரர்கள் இதை விளக்கும்போது, இரட்டைகளில் வகை உண்டு என்கிறார்கள். இலையிரட்டை, பூவிரட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும், பிரித்தால் கெடும். மக்களிரட்டை, விலங்கிரட்டை தனித்தனியே நிற்கும், தனித்தனியே பொருள் தரும். சலசலவில் ஒரு சல-வை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை, ஆகவே அது இலையிரட்டை சாதி. ‘பாம்பு பாம்பு’ என்று கத்தினால் ஒரு பாம்பே போதும் ஓடுவதற்கு, ஆகவே அது மக்களிரட்டை சாதி. மக்களிரட்டை! இப்படி ஒரு சொல் உரைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது.

வடமொழி வழியில் வந்தவை சில. யமளம் என்றால் இரட்டை. யமன் என்ற பெயருக்கே இரட்டையில் ஒருவன் என்றுதான் பொருள். ரிக்வேதத்தில் அவன் கூடப் பிறந்தவள் யமி. மிதுன ராசியின் மிதுனம் சோடியைக் குறிக்கும், பரிபாடலிலேயே வந்துவிட்டது. அழைப்பிதழுக்கு இவை வேண்டாம்.

ஆனால் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடுதூரத்தில் இரட்டையைக் குறிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. திருவிதாங்கோட்டு அரப்பள்ளி என்ற தேவாலயம் கி.பி. 63-இல் இயேசுவின் சீடர் தோமா எழுப்பியது என்பது மரபு. தோமா என்பது அரமாயிக் மொழியில் பெயரே இல்லை, ‘இரட்டை’ என்ற சொல்தான். தமிழ் பைபிளில் ‘திதிமு என்னப்பட்ட தோமா’ என்று வருகிறதே, அந்தத் திதிமுவும் கிரேக்கத்தில் இரட்டைதான். அதாவது ரெட்டை என்ற ரெட்டையர். அவருடைய மற்றப் பாதி யார் என்று வேதத்தில் இல்லை. குளச்சலிலிருந்து தூத்தூர் வரை எத்தனை தோமஸ், தொம்மை! ஒற்றையாய்ப் பிறந்த அத்தனை பேரும் இரட்டை என்று பெயர் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் தெருவில் நிஜமாகவே இரட்டையாய்ப் பிறந்த இரண்டு பேரில் ஒருவன் தாமஸ், மற்றவன் மைக்கேல். வைத்த பாட்டாவுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் தாமஸ் என்று வைத்திருப்பார்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆண் இரட்டை என்றால் ராமன், லட்சுமணன் என்று வைக்கிற வழக்கம் உண்டு. அவர்கள் இரட்டையர் இல்லை. ராமாயணத்தில் சுமித்திரை வயிற்றில் இரட்டையாய்ப் பிறந்தவர்கள் லட்சுமணனும் சத்துருக்கனும். மகாபாரதத்தில் நகுலனும் சகாதேவனும். பெயர் வைக்கிறவர்கள் கதையை ஒருமுறை கேட்டுவிட்டு வைக்கலாம்.

மூன்று பிறந்தால்? இங்கேதான் தமிழ் கைவிரிக்கிறது. ஒற்றை, இரட்டை, அச்சு அதோடு உடைந்துவிட்டது. மூன்றிலிருந்து அதே வார்ப்பில் ஒரு சொல் வரவில்லை. மும்மை உண்டு, ஆனால் அது மூன்றாக இருக்கும் தன்மை, பிள்ளைகளுக்கு ஒட்டாது. மூவர் என்று போடலாம் என்றால், மூவர் என்றதும் தேவாரம் பாடியவர்கள் வந்து நிற்பார்கள், அல்லது முடியுடை வேந்தர்கள் வருவார்கள். நால்வர் என்றால் மாணிக்கவாசகரும் சேர்ந்துகொள்வார். ஐவர் என்றால் பாண்டவர். தமிழில் இந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஏற்கனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. புதிதாகச் செய்கிற சொற்களை நான் கண்டிருக்கிறேன். விளக்கம் சொல்லாமல் ஒன்றும் புரிவதில்லை. நம் பக்கத்தில் பேறுகாலம் என்ற நல்ல சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை வைத்து ‘ஒரே பேற்றில் பிறந்த மூவர்’ என்று எழுதுவேன். பத்திரிகைகள் ‘ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள்’ என்கின்றன, அதே அமைப்புத்தான். ஒற்றைச் சொல் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கருத்தரிப்புச் சிகிச்சைகள் வருவதற்கு முன்னால் மூன்று பிறப்பது அத்தனை அபூர்வம். 89 பேற்றில் ஒன்று இரட்டை, அதற்கும் 89-இல் ஒன்று மூன்று என்று 1895-இல் ஹெலின் என்பவர் ஒரு குத்துமதிப்புக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட எட்டாயிரம் பேற்றுக்கு ஒன்று. ஒரு மருத்துவச்சி ஆயுசில் பார்க்காததற்கு ஊர் எப்படிச் சொல் வைத்திருக்கும்?

ஒருமைக்கும் இதே தட்டுப்பாடுதான். இரட்டையரில் ஒருவரை மட்டும் குறிக்கத் தனிச் சொல் கிடையாது. ‘இரட்டையன்’ யாரும் சொல்வதில்லை. ‘ரெட்டையில் ஒருத்தி’, ‘ரெட்டையில் மூத்தவன்’ என்று மற்றவரையும் இழுத்துக்கொண்டுதான் சொல்ல முடியும்.

கடைசிக் கேள்வி, யார் பெயர் முதலில். முதலில் வெளியே வந்தது யாரோ அவர்தான் மூத்தவர், அது நாலு நிமிஷமானாலும். தமிழில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று உண்டே தவிர வயது சொல்லாமல் நேரில் பொதுவாகக் கூப்பிட ஒரு சொல் இல்லை. பிறந்த அன்றே மூப்பு முடிவாகிவிடுகிறது. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் இது தலைகீழ். முதலில் பிறப்பவர் தைவோ, பின்னால் வருபவர் கெஹிண்டே. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச்சொல்லித் தம்பியை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் வருபவரே மூத்தவர் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரிலும் ‘பின்னால் வந்ததுதான் மூத்தது’ என்று வாதாடுகிற பாட்டிகள் ஒன்றிரண்டு பேரைக் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், கார்டு அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘எங்கள் இரட்டைக் குழந்தைகளின் பெயர் சூட்டு விழா’. நான் என்றால் இப்படித்தான் போடுவேன். க் விழுந்திருக்கிறதா என்று புரூஃபில் ஒரு தடவை பாருங்கள், தம்பி. வரி நீளமாக இருக்கிறது என்று கோப்பவர் சொன்னால் எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். ‘குழந்தைகளின்’ மேல் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.